‘எப்படிப் போனாரு?’ என்ற கேள்விக்குப் பதில் இல்லாத வீடுகள்

துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். “நல்லாத்தானே இருந்தாரு... எப்படிப் போனாரு?”

மாரடைப்பு என்றால் உடனே பதில் வந்துவிடும். விபத்து என்றால் எந்த ரோடு, எந்த வண்டி, எத்தனை மணி என்பது வரைக்கும் சொல்வார்கள். சில வீடுகளில் மட்டும் அந்தக் கேள்விக்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அப்புறம் பெரியவர் ஒருவர் முந்திக்கொண்டு சொல்வார்: “மஞ்சக்காமாலைங்க. கவனிக்காம விட்டுட்டாங்க, முத்திப்போச்சு.”

சொன்னவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். கல்லீரல் கெட்டுப்போனால் கண் மஞ்சளாகும் என்பது உண்மைதான். அந்தக் கல்லீரல் எதனால் கெட்டது என்பதை மட்டும் பந்தலுக்குக் கீழே யாரும் பேச மாட்டார்கள்.

லாரிப் பட்டறை, ரிக் வண்டி, விசைத்தறி, கோழிப்பண்ணை, ஜவ்வரிசி ஆலை என்று உடம்பை முறிக்கிற வேலைகள் நிறைந்தது எங்கள் சேலம், நாமக்கல் பக்கம். இப்படி ஒரு ‘மஞ்சக்காமாலை’ என் சொந்தத்திலேயே உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

குடி கெடுதல் என்று உங்களுக்குப் பாடம் எடுக்கப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். குடித்தவர் போன பிறகு அந்த வீட்டில் மிச்சம் இருப்பவர்களைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப்போகிறோம். அவர்களுக்கு அழக்கூட முழு உரிமை கிடைப்பதில்லை.

கருணாபுரத்தில் நடந்தது

2024 ஜூன் மாதம். கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்தவர்கள் அடுத்தடுத்து விழ ஆரம்பித்தார்கள். சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்தது. உடம்புக்குள் போனதும் அது ஃபார்மிக் அமிலமாக மாறி, முதலில் பார்வை நரம்பைத் தாக்கும். கண் மங்கும், வயிறு வலிக்கும், மூச்சு திணறும். 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள்.

கள்ளக்குறிச்சி மருத்துவமனையில் சமாளிக்க முடியாமல் பலரைப் புதுச்சேரி ஜிப்மருக்கும், விழுப்புரம் முண்டியம்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள். இன்னும் பலரை ஏற்றிக்கொண்டு சின்னசேலம், ஆத்தூர், வாழப்பாடி தாண்டி சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸ்கள் ஓடின. நம் ஊரில், நம் பிணவறைக்கு வெளியே, அந்தப் பெண்கள் காத்திருந்தார்கள்.

அந்த முதல் நாளை நினைத்துப் பாருங்கள். சாவுக்குக் காரணம் கள்ளச்சாராயம் இல்லை என்பதுதான் மாவட்ட நிர்வாகம் முதலில் கொடுத்த விளக்கம். ‘எப்படிப் போனாரு?’ என்ற கேள்விக்கு அங்கேயும் முதலில் வந்தது வேறொரு பதில். முதலில் இறந்தவர்களின் துக்கத்துக்கு வந்தவர்களில் சிலரும் அதே சாராயத்தைக் குடித்தார்கள் என்று பின்னால் செய்திகள் வெளியாயின. காரணத்தை மறைத்தால் மானம் மட்டுமல்ல, சில நேரம் உயிரும் போகும்.

இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்ச ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. அப்பா, அம்மா இருவரையும் இழந்த பிள்ளைகளின் படிப்புச் செலவையும் அரசு ஏற்றது. அன்று இரவே செல்போனில் மீம்ஸ் வர ஆரம்பித்துவிட்டன. “குடிச்சு செத்தவனுக்குப் பத்து லட்சமா?” நிவாரணத்தை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கும் போடப்பட்டது. அரசுப் பணம் எதற்குப் போகிறது என்று கேட்பது நியாயமான கேள்வியாகவே இருக்கட்டும். ஆனால் புருஷனின் உடல் இன்னும் கைக்கு வராத ஒருத்தியின் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? ‘உன் வீட்டுச் சாவு அழத் தகுதியில்லாத சாவு’ என்றுதானே?

கருணாபுரம் ஊர் முழுக்கச் சேர்ந்து அழுதது. அதனால் நாடு திரும்பிப் பார்த்தது. 2024 நவம்பரில் வழக்கு சி.பி.ஐ. விசாரணைக்குப் போனது. ஒவ்வொரு தெருவிலும் ஒவ்வொருவராக, ஐந்து வருடம், பத்து வருடம் என்று மெதுவாகச் செத்துக்கொண்டிருப்பவர்களின் வீட்டுக்கு எந்த கேமராவும் வருவதில்லை. அந்த வீட்டுக்காரர்கள் தனியாகத்தான் அழுகிறார்கள்.

இந்தத் துக்கத்துக்கு ஒரு பெயர் உண்டு

துக்கம் பற்றி ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் கென்னத் டோக்கா, 1980-களின் கடைசியில் ஒரு விஷயத்தை எடுத்துச் சொன்னார். எல்லாத் துக்கத்துக்கும் ஊர் ஒரே மரியாதை கொடுப்பதில்லை. சில சாவுகளுக்கு வெளிப்படையாக அழலாம், விடுப்பு எடுக்கலாம், நாலு பேர் வந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள். சில சாவுகளுக்கு அதெல்லாம் கிடையாது. அதை ‘அங்கீகரிக்கப்படாத துக்கம்’ என்று சொல்லலாம். தற்கொலை, போதை, ஊருக்குச் சொல்ல முடியாத உறவு... இவற்றில் வரும் இழப்புகள் எல்லாம் அந்த வகை.

பாலின் பாஸ் என்ற குடும்பநல ஆய்வாளர் இன்னொன்றைச் சொன்னார். ஆள் கண் முன்னால் இருப்பார். ஆனால் நமக்குத் தெரிந்த அந்த ஆள் இருக்க மாட்டார். மறதி நோய் வந்தவர்களின் குடும்பத்துக்கு இது நன்றாகப் புரியும். குடிநோயாளியின் குடும்பத்துக்கும் அப்படித்தான். பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு தேர்த்திருவிழாவுக்குப் போன மனுஷன் என்றைக்கோ காணாமல் போயிருப்பார். உடம்பு மட்டும் தினமும் வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருக்கும். அதனால் இவர்கள் இரண்டு தடவை இழக்கிறார்கள். முதல் இழப்புக்குப் பதினாறாம் நாள் காரியம் கிடையாது. இரண்டாவது இழப்புக்கு ஊரின் அனுதாபம் கிடையாது.

அத்தையின் தூக்கம்

என் அம்மாவுக்கு அண்ணன் ஒருவர். நாமக்கல்லிலிருந்து வடக்கே லோடு ஏற்றிப்போகும் லாரி டிரைவர். எனக்கு முதன்முதலில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். ஆறு வருடத்துக்கு முன்னால் போனார். ஊருக்கு அது மஞ்சக்காமாலை.

எங்கள் அம்மாயி அந்த ஊரில் யார் செத்தாலும் ஒப்பாரி வைப்பார். செத்தவரின் பெருமைகளை அடுக்கி, கேட்கிற எல்லோரையும் அழவைப்பார். பெற்ற மகனுக்கு அவர் வாயிலிருந்து ஒரு அடி வரவில்லை. ‘குடிச்சே அழிச்சவனுக்கு என்ன பாட்டு?’ என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அத்தை அதற்குப் பல மாதம் கழித்து என்னிடம் சொன்னது இது: “அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னிக்கு ராத்திரிதான் கண்ணு, பத்து வருசத்துல மொதத் தடவையா கதவத் தாழ் போட்டுட்டு நிம்மதியாத் தூங்குனேன். காலைல முழிச்சதும் எம்மேலயே எனக்கு அருவருப்பா இருந்துச்சு. புருசன் செத்த அன்னிக்குத் தூங்குற பொம்பள நானாத்தான் இருப்பேன்.”

இதைப் படிக்கும் சிலருக்கு அத்தையை உடனே புரிந்திருக்கும். அவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த நிம்மதி அவர் செத்ததால் வந்த சந்தோஷம் இல்லை. எப்போது கதவு தட்டப்படும், எந்த நேரம் போலீஸிடமிருந்து போன் வரும், இன்றைக்கு எதை எடுத்து உடைப்பார் என்று பத்து வருடம் விறைத்துப்போய்க் கிடந்த உடம்பு, காவல் முடிந்தது என்று தெரிந்ததும் சாய்ந்துவிட்டது. நீண்ட நாள் நோயாளியைப் பார்த்துக்கொண்ட எல்லோருக்கும் இது வரும். புற்றுநோயாளியின் மனைவிக்கு வந்தால் ‘பாவம், எவ்வளவு பாடுபட்டா’ என்கிறோம். என் அத்தைக்கு வந்தால் அவரே தன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்கிறார்.

கோபமும் அப்படித்தான். செத்தவர் மேல் கோபப்படக் கூடாது என்று வளர்த்திருக்கிறார்கள். அடகில் மூழ்கிய நகை, நின்றுபோன மகளின் படிப்பு, கடன்காரர்கள்... கோபம் வராமல் எப்படி இருக்கும்? பாசமும் கோபமும் ஒரே வீட்டில், ஒரே மனசில் இருக்கலாம். ஒன்று இருப்பதால் இன்னொன்று பொய்யாகிவிடாது.

‘நான்தான் கொன்னுட்டேனா?’

இந்தக் குடும்பங்களை அரிப்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். ‘காசு கொடுக்காமல் இருந்திருக்கலாமோ, கொடுத்திருக்கலாமோ, அன்றைக்குத் திட்டாமல் இருந்திருக்கலாமோ?’

இதில் ஒரு கொடுமையான வகை உண்டு. சாமி மேல் சத்தியம் வாங்கி, மாலை போடவைத்து, அறையில் பூட்டிவைத்து குடியை நிறுத்தவைப்பார்கள். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் கை நடுங்கும். யாரோ கூப்பிடுவது போலக் காது கேட்கும். வலிப்பு வரும். சிலருக்கு உயிரே போகும். ‘நிறுத்தச் சொன்ன என்னாலதான் போயிட்டாரு’ என்று மனைவி ஆயுசுக்கும் நினைத்துக்கொண்டிருப்பார்.

உண்மை இதுதான். பல வருடம் தினமும் குடித்த மூளை, அந்தச் சரக்கின் மந்தத்துக்கு ஈடுகொடுக்க எப்போதும் வேகமாகவே ஓடப் பழகியிருக்கும். மதுவைத் திடீரென்று எடுத்துவிட்டால் அந்த வேகத்தைப் பிடித்து நிறுத்த எதுவும் இருக்காது. வலிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு நாளில் வரும். நடுக்கத்தோடு கூடிய மனக்குழப்பம் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் வரும். மருத்துவமனையில் மாத்திரையும் ஊசியும் கொடுத்து இதைத் தடுக்க முடியும். இதை உங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்றால், அந்தச் சாவுக்கு நீங்கள் பொறுப்பில்லை. இப்போது வீட்டில் தினமும் குடிப்பவர் இருந்தால், நிறுத்துவதை டாக்டரை வைத்துக்கொண்டு செய்யுங்கள். சத்தியம் வாங்குவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

குடிக்கு அடிமையாவது ஒரு நோய் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலேயே இருக்கிறது. குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்காக 1951-இல் லோயிஸ் வில்சன் என்ற பெண் அமெரிக்காவில் தொடங்கிய அமைப்பு அல்-அனான். இன்று தமிழ்நாட்டிலும் அதன் கூட்டங்கள் நடக்கின்றன. அங்கே புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லித்தரும் பாடம் எளிமையானது: இந்த நோயை நீங்கள் வரவழைக்கவில்லை, உங்களால் அதைக் கட்டுப்படுத்தவும் முடியாது, குணப்படுத்தவும் முடியாது.

கடையைப் பற்றிப் பேசினோம்... வீட்டைப் பற்றி?

குடியைப் பற்றிப் பேசுவது நம் மண்ணுக்குப் புதிது இல்லை. திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் 1925-இல் காந்தி ஆசிரமம் தொடங்கினார் ராஜாஜி. மதுவிலக்குப் பிரசாரத்துக்கென்றே ‘விமோசனம்’ என்ற பத்திரிகை அங்கிருந்து வந்தது. கல்கி அதில் வேலை பார்த்தார். 1937 அக்டோபர் 1 அன்று சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதலில் அமலுக்கு வந்த மாவட்டம் சேலம். இன்றைய நாமக்கல்லும் அதற்குள்தான் இருந்தது. 2015 ஜூலை 31 அன்று, கன்னியாகுமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் மதுக்கடையை அகற்றச் சொல்லி செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடி உயிரைவிட்ட காந்தியவாதி சசிபெருமாளும் சேலம் மாவட்டத்துக்காரர்தான்.

மதுக்கடை திறக்க வேண்டுமா, மூட வேண்டுமா என்று 90 வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். பேச வேண்டியதுதான். அந்தச் சண்டை எப்படி முடிந்தாலும், ஏற்கெனவே ஆளை இழந்த வீட்டில் இன்று ராத்திரி என்ன நடக்கிறது என்பதையும் யாராவது கேட்க வேண்டும் இல்லையா?

பெயர்ப் பலகையில் ஒரு பெயர்

அப்படிக் கேட்ட ஒருவர் சென்னையில் இருக்கிறார். சாந்தி ரங்கநாதன். மத்திய நிதியமைச்சராக இருந்த டி.டி.கிருஷ்ணமாச்சாரியின் குடும்பத்து மருமகள். பணம், படிப்பு, செல்வாக்கு எதற்கும் குறைவில்லாத வீடு. கணவர் ரங்கநாதனை இளம் வயதிலேயே குடிநோய் கொண்டுபோனது. அந்தக் காலத்தில் குடிநோய்க்கென்று தனியாக சிகிச்சை தரும் இடம் இங்கே கிடைப்பது அரிது.

அந்த வீட்டில் ‘மஞ்சக்காமாலை’ என்று சொல்லி முடித்திருந்தால் யாரும் குறுக்குக் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். சாந்தி மறைக்கவில்லை. இந்தச் சிகிச்சையைப் படித்துத் தெரிந்துகொண்டு, 1980-இல் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். இன்று டி.டி.கே. மருத்துவமனை என்று அழைக்கப்படும் அந்த இடத்தின் முழுப் பெயர் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை. குடிநோயாளிக்கு சிகிச்சை நடக்கும்போதே அவர் குடும்பத்துக்கும் தனியாக ஆலோசனை கொடுப்பது அங்கே வழக்கம். திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கே போய் முகாம் போட்டு சிகிச்சை கொடுத்திருக்கிறார்கள். 1992-இல் சாந்திக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

எல்லோராலும் மருத்துவமனை கட்ட முடியாது. யாரும் கட்ட வேண்டியதும் இல்லை. எனக்கு இதில் பிடித்தது அந்தப் பலகைதான். குடியால் இறந்த கணவரின் பெயரை மறைக்காமல், வாசலில் எல்லோரும் படிக்கும்படி எழுதிவைத்தார் ஒரு மனைவி. அவர் இறந்த காரணமும் உண்மை. அவர் மேல் இருந்த பாசமும் உண்மை. இரண்டையும் சேர்த்தே சொல்லலாம் என்பதற்கு அந்தப் பலகை சாட்சி.

நாம் என்ன செய்யலாம்?

துக்கம் விசாரிக்கப் போகிறவர்களுக்கு: “இனிமேலாவது நீ நிம்மதியா இரு”, “அவனா தேடிக்கிட்டது”, “நீ கொஞ்சம் கண்டிச்சிருக்கலாம்”. இந்த மூன்றையும் தயவுசெய்து சொல்லாதீர்கள். முதலாவது உண்மையாகவே இருந்தாலும், அதை அவர்தான் சொல்ல வேண்டும். காரணத்தைத் துருவிக் கேட்க வேண்டாம். இறந்தவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த ஒரு நல்ல விஷயம் இருக்கும். அவர் ஓட்டிய வண்டி, வைத்த குழம்பு, செய்த உதவி, அடித்த ஜோக். அதைச் சொல்லுங்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் அதைக் கேட்டுப் பல வருடம் ஆகியிருக்கும். சில வீடுகளில் அதுவே முதல் தடவையாகவும் இருக்கும். இன்னொன்று, எழவு வீட்டுக்குப் பின்னால் பாட்டில் உடைக்கும் பழக்கத்தை இந்த வீடுகளிலாவது விடுங்கள்.

பிள்ளைகளுக்கு: ‘அப்பா சாமிகிட்ட போயிட்டாரு’ என்பதோடு நிறுத்த வேண்டாம். ஸ்கூலில் யாராவது ஒருநாள் சொல்லத்தான் போகிறார்கள். “அப்பாவுக்குக் குடிநோய் இருந்துச்சு. அதுல உடம்பு கெட்டுப்போச்சு. நீ செஞ்ச எதனாலயும் அது வரல” என்று வயசுக்குத் தகுந்த மாதிரி வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். கடைசி வரி முக்கியம். ‘நான் ஃபீஸ் கேட்டதாலதான் அன்னிக்கு சண்டை வந்துச்சு’ என்று நினைத்துக்கொண்டே வளர்கிற பிள்ளைகள் உண்டு.

பிள்ளையை இழந்த அப்பா, அம்மாவுக்கு: போதை மாத்திரை, கஞ்சா என்று மகனைப் பறிகொடுத்தவர்களுக்கு ‘வளர்ப்பு சரியில்லை’ என்ற பழியும் சேர்ந்துகொள்ளும். ஒரே வளர்ப்பில் வளர்ந்த அண்ணன் வேலைக்குப் போகிறான், தம்பி போதையில் விழுகிறான். பரம்பரை, மனநிலை, சகவாசம், கையில் எளிதாகக் கிடைப்பது எனப் பல காரணங்கள் சேர்ந்துதான் இந்த நோய் வருகிறது.

துக்கத்தில் இருப்பவர்களுக்கு: ஆறு மாதம் தாண்டியும் சாப்பாடு, தூக்கம், வேலை எதுவும் பிடிபடவில்லை, அவரைத் தவிர வேறு நினைப்பே இல்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். அதுவும் சிகிச்சை உள்ள பிரச்னைதான். சேலம், நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். போனில் பேச வேண்டுமென்றால் டெலி மானஸ் 14416, தமிழ்நாடு சுகாதார உதவி எண் 104. போதைப் பழக்கத்திலிருந்து மீள உதவும் தேசிய எண் 14446. சாக வேண்டும் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் சென்னை சிநேகா அமைப்புக்குப் பேசுங்கள்: 044-24640050.

பேச வேண்டியது டாக்டரிடம் மட்டும் இல்லை. நம்பிக்கையான ஒரு ஆளிடம், ஒரே ஒரு தடவை, ‘குடியாலதான் போனாரு’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அதற்கு அடுத்த வார்த்தையாக ‘ஆனா...’ என்று ஒன்று தானாக வரும். “ஆனா நல்லாப் பாடுவாரு.” “ஆனா எம்பொண்ணு மேல உசுரா இருந்தாரு.” இத்தனை நாள் தொண்டையில் நின்ற ஒப்பாரி அதுதான். அதைக் கேட்க உங்கள் பக்கத்தில் யாராவது இருக்கட்டும்.